கோணேசருக்கு நேர்த்தி அபிஷேகம்: முதல் தடவை வருகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் அம்மாவின் நேர்த்திக்கடன் ஒன்று நீண்ட காலம் நிறைவேறாமல் இருந்தது. அதை முடிக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கியபோது ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எப்போது பதிவது, என்ன கொண்டு போவது, வீட்டில் துடக்கு (தீட்டு) இருந்தால் என்ன செய்வது என்று எதற்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. வெளியில் சந்தித்த ஒருவர் நீளமான பொருள் பட்டியல் ஒன்றை எழுதித் தந்து, எல்லாவற்றையும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். கோயிலில் போய்க் கேட்டபோது அதில் பாதி தேவையே இல்லை என்றார்கள். திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, புதிதாக வருகிற ஒருவர் இந்த அலைச்சல் இல்லாமல் காரியத்தை முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோணேசர் கோயிலுக்குக் கடலைப் பார்க்கவும் பலர் வருகிறார்கள். நீங்கள் நேர்த்தியோடு வருகிறீர்கள். சுவாமியின் இடத்துக்குள் அவர் முறைப்படி போகப் போகிறீர்கள். அங்கே ‘இது ஏன், அது ஏன்’ என்று ஒவ்வொன்றையும் நம் வசதிக்கு வளைக்கத் தொடங்கினால் கடைசியில் வழிபாடு என்று ஒன்றும் மிஞ்சாது. கீழே உள்ள விதிகளில் பெரும்பாலானவை பள்ளிக்கூடத்தில் சைவநெறிப் பாடத்தில் படித்தவைதான். நாம் மறந்துபோனவை.

1. என்ன நேர்ந்தீர்கள் என்று தெளிவாக்குங்கள்

‘கோணேசருக்கு ஏதோ செய்வதாக அம்மா சொன்னார்’ என்று வந்து நிற்காதீர்கள். அருச்சனையா, பாலாபிஷேகமா, முழு அபிஷேகமா, அன்னதானமா, தொட்டில் கட்டுவதா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேர்ந்தது எதுவோ அதைத்தான் செய்ய வேண்டும். பாலாபிஷேகம் என்று சொல்லிவிட்டு அருச்சனையோடு முடித்துக்கொள்வது சரியில்லை. சொன்னதற்கு மேல் ஆடம்பரமாகச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

நேர்ந்தவர் காலமாகிவிட்டால் பிள்ளைகள் செய்யலாம். அவர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய பெயர் நட்சத்திரத்துக்குச் சங்கற்பம் செய்து இங்கே உள்ளவர்கள் முன்னின்று நடத்தலாம். அன்று சொன்னது இன்று கையிலுள்ள பணத்துக்கு எட்டவில்லை என்றால் குருக்களிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று அவர் சொல்வார். நீங்களாகவே குறைத்துவிட வேண்டாம். குருக்கள் சொல்லிக் குறைப்பதும் நாமாகக் குறைப்பதும் ஒன்றல்ல.

2. நாள் குறிப்பது

அதிகம் சிக்கல் வருவது இதில்தான். ஓட்டல் பதிவு செய்வதற்கு முன்னால் மூன்றைச் சரிபாருங்கள்.

முதலாவது, துடக்கு. நெருங்கிய உறவில் மரணம் நடந்திருந்தால் 31 நாள் கழிந்து, வீடு துடக்குக் கழித்த பிறகுதான் கோயிலுக்குப் போவது நம் வழக்கம். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அப்படித்தான். குடும்பத்துக்குக் குடும்பம், உறவுக்கு உறவு கணக்கு மாறும் என்பதால் உங்கள் ஊர் ஐயரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பெண்கள் மாதவிலக்கு நாள்களில் போவதில்லை என்பதால் வீட்டிலுள்ள எல்லாரையும் கேட்டுத் திகதியை வையுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் மட்டும் அறையில் தனியே இருக்க வேண்டி வந்தால் அது அவருக்குப் பெரிய மனவருத்தம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. திருமலைக்கு அந்தியேட்டிக் கிரியைக்காக, அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியைக்காக, வருகிறவர்களும் இருக்கிறார்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள் உண்டு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பார்கள். நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள்தான். ‘வந்த பயணத்தோடு நேர்த்தியையும் முடித்துவிடுவோமே’ என்று தோன்றும். ஒரு பயணச் செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டையும் சேர்க்காதீர்கள். துடக்கு முழுதாகக் கழிந்த பிறகு தனியாக வாருங்கள்.

இரண்டாவது, கூட்டம். சிவராத்திரியும், பங்குனி உத்தரத்தை ஒட்டி வரும் மகோற்சவ நாள்களும் தரிசனத்துக்கு மிக நல்ல நாள்கள். தனிப்பட்ட நேர்த்தி அபிஷேகத்துக்கு அவ்வளவு வசதிப்படாது. அந்த நாள்களில் விசேட பூசைகளும் உபயகாரர்களும் (பூசைச் செலவை ஏற்பவர்கள்) ஏற்கெனவே நிரம்பியிருக்கும். போயா (பௌர்ணமி) விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சுற்றுலாப் பேருந்துகள் வரும். என்னைக் கேட்டால் சாதாரணத் திங்கட்கிழமைக் காலைதான் சிறந்தது. சிவனுக்கு உகந்த நாள், கூட்டமும் குறைவு. மாலை வழிபாடு விரும்பினால் பிரதோசம் நல்லது. மாதம் இரண்டு வரும், திரயோதசி நாளில், மாலை 4.30 முதல் 6 மணி வரை.

மூன்றாவது, காலநிலை. கார்த்திகை, மார்கழியில் இங்கே மழை கொட்டும். வைகாசியிலிருந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் உச்சிவெயிலில் கோயில் வீதிக் கல் காலைச் சுடும். வயதானவர்களைக் கூட்டி வந்தால் வைகாசிக்குப் பிறகு காலைப் பூசை தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். நிலாவெளிக் கடற்கரைக்கு ஆள் வரும் காலமும் அதுவே. தங்குமிடம் அப்போது விலை கூடும். முன்னரே பதிந்துவிடுங்கள்.

3. பதிவும் பற்றுச்சீட்டும்

அபிஷேகத்தைக் கோயில் அலுவலகத்தில் நேரடியாகப் பதியுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. வெளியூர்க்காரர் என்றால் திருமலையில் உள்ள சொந்தக்காரர் ஒருவரை அனுப்பிப் பதியலாம். பணம் கட்டினால் பற்றுச்சீட்டைக் கையில் வாங்குங்கள். திகதி, நேரம், எந்த அபிஷேகம், யார் பெயர் என்று நான்கும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். அன்று காலை அதைக் காட்டினால் பேச்சுக்கு இடமில்லை. கோயிலுக்கு வெளியே ‘நான் ஒழுங்குபண்ணித் தருகிறேன்’ என்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பதியும்போதே கேட்க வேண்டியவை: அபிஷேகப் பொருளைக் கோயில் எடுக்குமா, நாம் கொண்டு வர வேண்டுமா? நைவேத்தியம் கட்டணத்துக்குள் அடங்குமா? எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? ஒவ்வொரு வகை அபிஷேகத்துக்கும் கட்டணம் வேறு. சங்காபிஷேகம் என்றால் 108 சங்கு வைத்துப் பூசிக்க வேண்டும். அதற்குத் தகுந்த செலவும் நேரமும் ஆகும்.

செலவை மூன்றாகப் பிரித்து எடுத்து வையுங்கள். அலுவலகத்துக்குக் கட்டுவது ஒன்று. பொருளுக்கும் போக்குவரத்துக்கும் ஒன்று. குருக்களுக்கும் உதவிக்கு நிற்பவர்களுக்கும் தட்சணை ஒன்று. தட்சணை பற்றுச்சீட்டில் வராது. வெற்றிலை பாக்கோடு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். காற்சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாளை உருவிக் கொடுப்பது அழகில்லை. அதனால் வீட்டிலேயே புதுத் தாளாக எடுத்து மடித்து வைத்துவிடுங்கள். உண்டியலுக்குச் சில்லறையும் வேண்டும்.

பத்திரங்கள் என்று பார்த்தால்:

தேசிய அடையாள அட்டை, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு. கோயில் பிரட்றிக் கோட்டைக்குள் இருக்கிறது, கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வைத்திருங்கள்.

பெயர் நட்சத்திரப் பட்டியல். இதைத் தெளிவான கையெழுத்தில் ஒரே தாளில் எழுதுங்கள். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாக. கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம், பதற வேண்டாம். நட்சத்திரம் மறந்திருந்தால் சாதகக் குறிப்பைத் தேடி எடுங்கள். காலமானவர்களின் பெயரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு மோட்ச அருச்சனை தனியாக இருக்கிறது. குருக்கள் வேகமாக வாசித்துக்கொண்டு போகும்போது இடையில் நிறுத்தி ‘ஐயா, அவர் செத்துப்போய்விட்டார்’ என்று சொல்லும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

4. பொருள்கள்

கோயில் எடுத்துத் தருமென்றால் விட்டுவிடுங்கள், அதுதான் சுலபம். நீங்கள் கொண்டு வருவதென்றால்: பால், தயிர், இளநீர், தேன், நெய், பழம், மஞ்சள், சந்தனம், விபூதி, பன்னீர், வில்வம், பூ, பூமாலை, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், சாம்பிராணி, சுவாமிக்கு வேட்டி, அம்பாளுக்குச் சேலை. மூலவர் கோணேசர், அம்பாள் மாதுமை அம்மாள். அம்பாளை மறந்து சுவாமிக்கு மட்டும் வஸ்திரம் வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர்.

பாலை அன்று காலையில் வாங்குங்கள். காய்ச்சாத பசும்பால்தான் வேண்டும், பால்மா கரைத்ததோ பைக்கற் பாலோ வேண்டாம். முதல் நாளே பால்காரரிடம் இத்தனை போத்தல் என்று சொல்லிவைக்க வேண்டும். பாத்திரம் புதிதாகவோ, மச்சம் (மீன், இறைச்சி) படாததாகவோ இருக்கட்டும். பூவை முகர்ந்து பார்க்காதீர்கள். பழத்தில் ஒன்றைச் சுவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைப்பதும் கூடாது. சுவாமிக்கு என்று எடுத்த நேரத்திலிருந்து அது நம்முடையதல்ல.

5. விரதமும் உடையும்

குறைந்தது முதல் நாள் காலையிலிருந்து மச்சம் தவிருங்கள். முடிந்தவர்கள் மூன்று நாள். திருமலைக் கடற்கரையில் மீன் வாசம் வாயில் நீரூறச் செய்யும்தான், நேர்த்தி முடியும் வரை பொறுங்கள். தங்குமிடம் எடுக்கும்போதே சைவச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அன்று காலை தலை முழுகி, முடிந்தால் வெறும் வயிற்றோடு வாருங்கள். நீரிழிவு, மருந்து உள்ளவர்கள் பாலோ பழமோ எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை.

ஆண்களுக்கு வேட்டி, சால்வை. மேற்சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டுவது நம் கோயில் முறை. பெண்களுக்குச் சேலையோ தாவணியோ பஞ்சாபியோ, உடம்பை மூடியதாக. தோல் இடுப்புப்பட்டி, தோல் பணப்பை இரண்டையும் வாகனத்திலேயே விட்டுவிடுங்கள்.

6. கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை

பஸ் நிலையத்தில் இறங்கினால் கோட்டை வாசல் தூரமில்லை. ஓட்டோவில் போனால் கோயில் வரையா, கோட்டை வாசல் வரையா என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். வாசலில் சோதனைக்கு நேரம் எடுக்கலாம். அபிஷேக நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வாசலில் நின்றால் பதற்றமில்லை. முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், ட்ரோன் கொண்டு வரவே வேண்டாம்.

ஏறும் வழியில் மான்கள் நிற்கும். பழத்தட்டைத் திறந்தபடி கொண்டு போனால் பிடுங்கிவிடும். துணியால் மூடுங்கள். பொலித்தீன் பையை வழியில் எறியாதீர்கள், அவை தின்றுவிட்டுச் சாகின்றன.

பாதணியை விடும் இடத்தில் விட்டு, கால் கழுவிவிட்டு, அதன் பிறகு பேச்சைக் குறையுங்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்ப்பது, தொட்டில் கட்டுவது, படம் எடுப்பது எல்லாம் பூசை முடிந்த பிறகு. முதலில் அங்கே போய்விட்டால் மனம் கலைந்துவிடும், நேரமும் போய்விடும்.

7. உள்ளே

கோபுரத்தைக் கண்டதும் கை கூப்பித் தலைக்கு மேல் உயர்த்திக் கும்பிடுங்கள். உள்ளே போய் முதலில் பிள்ளையார். பிறகு நந்தி, சுவாமி, அம்பாள், மற்றச் சந்நிதிகள், கடைசியாகச் சண்டேசுரர். நந்திக்கும் சுவாமிக்கும் குறுக்கே நடக்காதீர்கள். அவசரத்தில் எல்லாரும் விடுவது இது.

விழுந்து கும்பிடுவது கொடிமரத்துக்கு இப்பால் மட்டும். உள்ளே ஒவ்வொரு சந்நிதி முன்னும் விழ வேண்டாம். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த சந்நிதியில் தலை வடக்கே இருக்க வேண்டும், வடக்கு அல்லது தெற்குப் பார்த்த சந்நிதியில் தலை கிழக்கே. ஆண்கள் அட்டாங்கமாக: தலை, இரண்டு கை, இரண்டு செவி, மோவாய், இரண்டு புயம் நிலத்தில் பட. பெண்கள் பஞ்சாங்கமாக: தலை, இரண்டு கை, இரண்டு முழந்தாள். மூன்று தரம் விழுங்கள். ஒரு தரமோ இரண்டு தரமோ விழுவது குற்றம் என்றுதான் விதி. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் நின்றபடி கும்பிட்டால் போதும். பிரதட்சிணம் பிள்ளையாருக்கு ஒன்று, சிவனுக்கு மூன்று, அம்பாளுக்கு நான்கு. கைகூப்பியபடி, அடி அடியாக. ஓட்டமும் நடையுமாகச் சுற்றக் கூடாது.

அபிஷேகம் தொடங்குமுன் குருக்கள் உங்களை அழைத்துத் தர்ப்பை போட்டுச் சங்கற்பம் செய்வார். பட்டியல் வாசிப்பது அப்போதுதான். அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், பொருள் தெரியாவிட்டாலும் கவனத்தோடு. ‘இங்கே நில்’ என்றால் அங்கே நில்லுங்கள். மூலஸ்தானத்துக்குள் நமக்கு அனுமதியில்லை. நன்றாகத் தெரியவில்லை என்று கயிற்றைத் தாண்டிக் கழுத்தை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களை விலக்கச் சொல்லிக் குருக்கள் மந்திரத்தை இடையில் நிறுத்த வேண்டி வருகிறது. நம் அவசரம் அவருடைய பூசையில் கை வைக்கிறது. போனை அணைத்துவிடுங்கள். சத்தத்தை மட்டும் குறைப்பது போதாது, வெளிச்சமும் பக்கத்தில் நிற்பவரின் கண்ணை இழுக்கும்.

பால் வார்க்கும் நேரம்தான் நீங்கள் வந்ததன் மையம். சிரசில் விழுகிற வெள்ளைத் தாரை இருபுறமும் பிரிந்து வழிந்து, ஆவுடையில் சேர்ந்து, கோமுகையால் இறங்கும். மணியோசை ஒரு பக்கம், வெளியே மலையடியில் அலை மோதும் ஓசை ஒரு பக்கம். அப்போது கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் வந்தது கொடுக்க. ‘நமசிவாய’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு சும்மா பாருங்கள். தேவாரம் தெரிந்தவர்கள், இது சம்பந்தர் பதிகம் பாடிய தலம், அந்தப் பதிகத்தையே பாடலாம். அச்சிட்ட தாள் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வந்தால் போனைத் திறக்க வேண்டியதில்லை.

அபிஷேகம் நடக்கும்போது உட்பிரகாரத்தைச் சுற்றப் போகாதீர்கள். திரை போட்டால் அலங்காரமும் நைவேத்தியமும் நடக்கிறது என்று பொருள். அது கதை பேசும் இடைவேளை இல்லை. திரை விலகித் தீபாராதனை முடியும் வரை நின்ற இடத்தில் நில்லுங்கள்.

8. விபூதி, சண்டேசுரர், காளாஞ்சி

விபூதியை வலது கையை இடது கையின் மேல் வைத்து, குனிந்து வாங்குங்கள். இங்கே மலைமேல் காற்று எந்நேரமும் பலம். கையை விரித்தபடி வெளிவாசலுக்கு வந்தால் முழுவதும் பறந்துவிடும். அங்கேயே நின்று, அண்ணாந்து, ‘சிவசிவ’ என்று சொல்லி நடு மூன்று விரலால் பூசிக்கொள்ளுங்கள். கீழே சிந்தக் கூடாது. மிஞ்சினதைத் தூணிலும் சுவரிலும் தட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு சின்னத் தாள் கொண்டு வாருங்கள், மடித்துக்கொள்ளலாம்.

சண்டேசுரர் முன் மெதுவாக மூன்று தரம் கை தட்டி, வழிபட்ட பலனைத் தரும்படி கேட்டுக் கும்பிடுங்கள். உடுப்பில் இருந்து நூல் பிடுங்கிப் போடுவது முறையில்லை. பிறகு வடக்குப் பார்த்துச் சற்று இருந்து பஞ்சாட்சரம் செபித்துவிட்டு எழும்புங்கள்.

உபயகாரருக்குக் காளாஞ்சி என்கிற பிரசாதம் தருவார்கள். குடும்பத்தில் நேர்ந்தவர் வந்திருந்தால் அவர்தான் வாங்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் மூத்தவர். அதை ஓட்டோவின் காலடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

9. அன்று முழுவதும்

நேர்த்தி முடிந்தது என்று மத்தியானமே மீன்கடையைத் தேடாதீர்கள். அன்று இரவு வரையாவது சைவமாக இருங்கள். திரும்பும் இரவு ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ பார்சல் எடுப்பதென்றால் மரக்கறிச் சோறு என்று திருத்தமாகச் சொல்லி எடுங்கள். கொழும்புக்கு எப்படியும் ஓர் இரவு போய்விடும்.

பிரசாதத்தை உங்களோடு வந்தவர்களுக்கும் தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கும் அன்றே பகிர்ந்துவிடுங்கள். துடக்கால் வர முடியாமல் போன உறவினருக்கு விபூதியை எடுத்து வைத்து, அவர்கள் வீடு துடக்குக் கழிந்த பிறகு கொண்டு போய்க் கொடுங்கள். வாடிய பூவும் வில்வமும் குப்பை வாளிக்குள் போக வேண்டாம், கால் படாத மரத்தடியில் போடுங்கள். தேங்காய்ப் பாதியை வீட்டில் சமையலுக்கு எடுக்கலாம், மரக்கறிக் கறிக்கு மட்டும்.